மூளைத் திசுவில் மருந்துச் சோதனை: மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

அன்புள்ள அம்மையாருக்கு,

ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனித மூளைத் திசுவில் வலிப்பு மருந்துகளின் பாதுகாப்பைச் சோதிக்கும் பணிக்கே போவேன் என்று பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தங்கள் மகள் உறுதியாக நிற்பதாகவும், அதை நம்பிப் படிக்கவைக்கத் தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது வெறுங்கனவு அன்று.

அப்பணி ஏன் தேவை என்பதை வால்ப்ரோயேட் என்ற மருந்தின் கதையே சொல்லும். அது 1967-இல் பிரான்சில் விற்பனைக்கு வந்தது. வலிப்பை நன்றாகக் கட்டுப்படுத்தும் மருந்து. கருவுற்றிருக்கும்போது அதை உட்கொண்ட பெண்களின் குழந்தைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குப் பிறவிக் குறைபாடும், பத்தில் மூன்று நான்கு பேருக்கு மூளை வளர்ச்சிக் குறைபாடும் ஏற்படலாம் என்பது முழுமையாகத் தெளிவாகப் பல பத்தாண்டுகள் பிடித்தன. (வீட்டில் யாரேனும் அம்மருந்தை உட்கொண்டால், மருத்துவரைக் கேளாமல் நிறுத்திவிடக் கூடாது.) விலங்குச் சோதனை மட்டும் கருவிலுள்ள மனித மூளைக்கு நேர்வதை முழுமையாகச் சொல்லிவிடாது. அந்தக் குறையை நிரப்பக்கூடியவைதான், பலவகைச் செல்களாக மாறவல்ல ஸ்டெம் செல்களிலிருந்து வளர்க்கப்படும் சில மில்லிமீட்டர் அளவுள்ள மூளைத் திசு உருண்டைகளான மூளை ஆர்கனாய்டுகள். 2013-இல் வியன்னாவில் ஆய்வாளர்கள் மேட்லின் லங்காஸ்டரும் யூர்கன் க்னோப்லிக்கும் அவற்றை உருவாக்கிக் காட்டினர். இந்தியாவும் 2023-இல் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, இத்தகைய முறைகளுக்கு இடமளித்துள்ளது.

ஆயினும் இளநிலைப் பட்டத்தோடு இவ்வேலை கிடைப்பது அரிது. முதுநிலையும் முனைவர் பட்டமும் சேர்ந்தால் பத்தாண்டுகள்கூட ஆகலாம். ஆகவே நான் பி.ஃபார்ம் படிப்பையே முதலில் சொல்வேன்: மருந்தியலும் நச்சியலும் அதில் அடிப்படையாகவே வருகின்றன, ஜிபேட் நுழைவுத் தேர்வு எழுதி மருந்தியலில் எம்.ஃபார்ம் சேரலாம்; இடையில் மனம் மாறினாலும் மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் பணிகள் உண்டு. உயிரித் தொழில்நுட்பம்தான் வேண்டுமென்றால் மறுக்க வேண்டாம். முதுநிலைக்கு கேட்-பி தேர்வு இருக்கிறது. "ஆர்கனாய்டு" என்ற சொல்லை விளம்பரத்தில் போட்டு இளநிலைப் படிப்பை விற்கும் கல்லூரியை மட்டும் நான் நம்பமாட்டேன்.

மதிப்பெண்ணைவிட எனக்குக் கவலை தருவது அவளுடைய பொறுமை. இத்திசு முதிர மாதக்கணக்கில் ஆகும். ஞாயிறென்றும் பொங்கலென்றும் பாராமல் ஊட்டத் திரவத்தை மாற்ற வேண்டும். இரத்தக் குழாய்கள் இல்லாததால் பெரிதானவற்றின் நடுப்பகுதி செத்துப்போகும். ஒரே தொகுதியில் வளர்ந்தவைகூட ஒன்றுபோல் இரா என்பதால், தெரியும் மாற்றம் மருந்தால் வந்ததா, இயல்பான வேறுபாடா என்று பிரித்தறியப் புள்ளியியல் கைவசம் இருக்க வேண்டும். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது செல் வளர்ப்புக் கூடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே இளநிலை மாணவர்கள் தம் கையால் செல் வளர்க்கிறார்களா, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறார்களா என்பதை அம்மாணவர்களிடமே விசாரியுங்கள்.