வேன் டிரைவருக்கு எவ்வளவு கொடுப்பது?

கேள்வி: ஐந்து மாதங்களாகப் பன்னாட்டு விமானத்தில் கேபின் க்ரூவாக இருக்கிறேன். போன வாரம்தான் முதல் அமெரிக்க லேஓவர் (அடுத்த விமானம் வரை அந்த ஊரில் தங்குவது). ராத்திரி ஒரு மணிக்கு எங்கள் 14 பேரையும் ஹோட்டலுக்கு ஏற்றிவந்த டிரைவர், அத்தனை பெட்டிகளையும் தனி ஆளாக இறக்கி வைத்தார். சிலர் அவர் கையில் எதையோ மடித்துக் கொடுத்தார்கள். என்னிடம் ஒரே ஒரு 20 டாலர் நோட்டுதான் இருந்தது. அதைக் கொடுக்கவும் மனம் வரவில்லை, சும்மா போகவும் கூச்சமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டேன். "வேனுக்குக் கம்பெனி பணம் கட்டுகிறது, உனக்கென்ன கவலை" என்கிறார் ஒரு சீனியர். "உன்னால் எங்கள் எல்லாருக்கும் கெட்ட பெயர்" என்கிறார் இன்னொரு அக்கா. யார் சொல்வது சரி? அறையைச் சுத்தம் செய்கிறவர்களுக்கும் கொடுக்க வேண்டுமா? ஊருக்கு ஊர் வேறு வேறு மாதிரி சொல்கிறார்களே?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்களிடம் இருந்த அந்த 20 டாலர் நோட்டே அன்றைக்கு மொத்தக் குழுவுக்கும் போதுமானதாக இருந்தது. "நான் எல்லாருக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன், ஆளுக்கு ஒரு டாலர் எனக்கு அப்புறம் தாருங்கள்" என்று வேனுக்குள்ளேயே சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். இதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. பயிற்சி வகுப்பில் அவசரக் கதவைத் திறப்பதிலிருந்து லிப்ஸ்டிக் நிறம் வரை எல்லாம் உண்டு, இது மட்டும் இருக்காது. அதனால் குற்ற உணர்ச்சியை இறக்கி வையுங்கள்.

சீனியர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அறைக்கும் வேனுக்கும் விமான நிறுவனம் ஹோட்டலோடு ஒப்பந்தம் போட்டுப் பணம் கட்டுகிறது. அந்தப் பணம் ஹோட்டலின் கணக்குக்குப் போகிறது, டிரைவருக்கு வருவது அவருடைய மணிக்கூலிதான். சில ஒப்பந்தங்களில் டிரைவருக்கான டிப்ஸையும் சேர்த்தே எழுதிவிடுவார்கள். அப்படி இருந்தால் லேஓவர் தகவல் தாளிலோ க்ரூவின் ஹோட்டல் விஷயங்களைக் கவனிக்கிறவர்களிடமோ தெரிந்துகொள்ளலாம். ஒரு முறை கேட்டுக் குறித்து வைத்துக்கொண்டால் அந்த ஊரைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டியதில்லை. அப்படி எதுவும் இல்லையென்றால் கொடுப்பதுதான் முறை.

அமெரிக்காவில் இது ஏன் இத்தனை பெரிய விஷயமாக இருக்கிறது என்று தெரிந்தால் கொடுக்கும்போது மனம் இழுக்காது. அங்கே மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009-லிருந்து மாறவில்லை. ஆனால் மாதம் 30 டாலருக்கு மேல் வழக்கமாக டிப்ஸ் வாங்குகிற வேலையாக இருந்தால், முதலாளி தன் கையிலிருந்து மணிக்கு 2.13 டாலர் கொடுத்தாலே சட்டப்படி போதும். மீதியை டிப்ஸ் நிரப்ப வேண்டும், நிரப்பாவிட்டால் மட்டுமே முதலாளி ஈடுகட்ட வேண்டும். இந்த 2.13-ம் 1991-லிருந்து அப்படியே நிற்கிறது. கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மினசோட்டா, மான்டானா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் முதலாளிக்கு இந்தச் சலுகை கிடையாது, முழுக் குறைந்தபட்சக் கூலியைக் கொடுத்தே ஆக வேண்டும். மற்ற பல மாநிலங்களில் உணவகத்தில் உங்களுக்குப் பரிமாறுகிறவரின் வீட்டு வாடகை நீங்கள் பில்லின் கடைசியில் எழுதும் டிப்ஸ் தொகையில்தான் இருக்கிறது. வேன் டிரைவர்களும் அறை சுத்தம் செய்கிறவர்களும் பெரும்பாலும் சாதாரண மணிக்கூலியில் இருப்பவர்கள். ஆனாலும் அது உடம்பு நோகும் வேலை, கூலியும் மெலிந்தது.

இனி வேன் கணக்கு. அங்கே க்ரூவுக்குள் நிலைத்துவிட்ட வழக்கம், ஒரு பயணத்துக்கு ஆளுக்கு ஒரு டாலர். அதாவது விமான நிலையத்திலிருந்து வரும்போது ஒன்று, திரும்பிப் போகும்போது ஒன்று. சிலர் பெட்டிக்கு ஒன்று என்று கொடுப்பார்கள். கனத்த பெட்டி இரண்டு இருந்தால் இரண்டு டாலர் கொடுப்பது நியாயம். அன்றைக்கு உங்கள் வேனில் நடந்ததைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஆளுக்கு ஒரு பெரிய பெட்டி, ஒரு கைப்பெட்டி என்றால் 28 உருப்படிகள். பின்கதவைத் திறந்து, குனிந்து, ஒவ்வொன்றையும் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, தரையில் கைப்பிடி உங்கள் பக்கம் பார்க்க நிறுத்தி வைக்கிறார். அன்று ராத்திரி அது அவருக்கு எத்தனையாவது வேன் என்பது உங்களுக்குத் தெரியாது.

பணத்தை ஏறும்போது கொடுக்காதீர்கள். இறங்கியதும், உங்கள் பெட்டியை எண்ணிச் சரிபார்த்துக் கையில் வாங்கிக்கொண்டு, அப்போது கொடுங்கள். வேனிலேயே பெட்டி தங்கிவிடுவது அடிக்கடி நடக்கிற விபத்து, கொடுக்கிற அந்த நொடி எண்ணிப் பார்க்கவும் ஆகும். நோட்டை நான்காக மடித்து உள்ளங்கையில் வைத்து, முகம் பார்த்து நன்றி சொல்லிக் கொடுத்தால் போதும். பெட்டியை நீங்களே தூக்கி இறக்கிக்கொண்டால் டிரைவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பார்கள். ராத்திரி மூன்று மணிக்கு வந்து நிற்கிறவருக்கு அப்போதும் ஒரு டாலர் கொடுங்கள் என்பேன்.

அந்த அக்கா "எல்லாருக்கும் கெட்ட பெயர்" என்றது கடுமையான பேச்சு, ஆனால் அவர் சொல்ல வந்ததில் பொருள் இருக்கிறது. டிரைவருக்கு உங்கள் பெயர் தெரியாது, சீருடைதான் தெரியும். அடுத்த வாரம் அதே சீருடையில் வேறு 14 பேர் வந்து இறங்குவார்கள். அதனால் இதைத் தனி ஆள் விஷயமாக விடாமல் குழுவாகச் செய்வதுதான் நல்லது. வேன் கிளம்பியதும் ஒருவர் எல்லாரிடமும் வாங்கி ஒரே கட்டாகக் கொடுத்துவிடலாம். ஒரே குழு இரண்டு மூன்று நாள் சேர்ந்து பறந்தால் முறை வைத்துக்கொள்ளலாம்: வரும்போது ஒருவர் எல்லாருக்குமாக, போகும்போது இன்னொருவர். கேப்டன்தான் கொடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அவர் விரும்பிக் கொடுத்தால் நன்றி சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள். வசூலிக்கிறவருக்கு ஒரு வேண்டுகோள்: கொடுக்காதவர் பெயரை உரக்கச் சொல்லாதீர்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் சம்பளத்தைக்கூட முழுதாகப் பார்க்காமல் லேஓவருக்கு வந்திருப்பார்கள்.

உங்கள் சிக்கல் மனசில் இல்லை, சில்லறையில்தான். ஊரிலிருந்து கிளம்பும் முன் டாலர் மாற்றும்போதே ஒற்றை டாலர் நோட்டுகளாக இருபது கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஹோட்டல் ரிசப்ஷனில் 20 டாலரைக் கொடுத்து ஒற்றையாக மாற்றலாம். நள்ளிரவில் அவர்கள் கல்லாவிலும் இருக்காது, அதனால் மறுநாள் பகலிலேயே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய நோட்டுகளைச் சீருடைப் பையில் அல்லது அடையாள அட்டை உறையில் வையுங்கள். பெரிய பெட்டிக்குள் வைத்தால் தேவைப்படும் நேரத்தில் அந்தப் பெட்டி வேனின் பின்னால் கிடக்கும்! அன்றைக்குக் கொடுக்க முடியாமலே போய்விட்டால், டிரைவரின் பெயர்ப் பட்டையைப் பார்த்து வைத்துக்கொண்டு, ஒரு உறையில் அவர் பெயரையும் வேன் வந்த நேரத்தையும் எழுதி ரிசப்ஷனில் கொடுத்துவிடலாம்.

வேறு நாட்டு நாணயங்களைக் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். பையில் சேர்ந்துபோன திர்ஹாம், யூரோ சில்லறையை டிரைவர் கையில் கொட்டிவிட்டு டிப்ஸ் கொடுத்ததாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பணம் மாற்றுகிற இடங்களில் நோட்டைத்தான் வாங்குவார்கள், நாணயத்தை வாங்க மாட்டார்கள். வாங்கிக்கொண்டவருக்கு அது இரும்புத் துண்டு. அதேபோல் அமெரிக்காவுக்கு வெளியே பல ஊர்களில் கிழிந்த, கறைபட்ட டாலரை மாற்ற மறுப்பார்கள். அந்தந்த ஊர்ப் பணத்தில் கொடுப்பதே எப்போதும் நல்லது.

அடுத்தது அறை. ஆம், அமெரிக்காவில் அறை சுத்தம் செய்கிறவருக்கும் கொடுக்க வேண்டும். அவரை நீங்கள் பார்ப்பதே இல்லை என்பதால் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஓர் இரவுக்கு 2 அல்லது 3 டாலர் சரியான அளவு. அறையை மிகவும் கலைத்துப் போட்டிருந்தால் 5. கடைசி நாளில் மொத்தமாக வைக்காமல் தினமும் வையுங்கள், ஏனென்றால் இன்று வந்தவருக்கு நாளை விடுமுறையாக இருக்கலாம். பகலில் தூங்குவதற்காக நீங்கள் "தொந்தரவு செய்யாதீர்கள்" அட்டையைத் தொங்கவிட்டே இரண்டு நாளைக் கழித்திருந்தாலும், கிளம்பும்போது வைத்துவிட்டுப் போங்கள். தினசரிச் சுத்தத்தைவிட ஆள் காலி செய்த அறைதான் அதிக வேலை: படுக்கை முழுதும் உரித்து மாற்ற வேண்டும், குளியலறையைத் தேய்க்க வேண்டும், அடுத்த க்ரூ வருவதற்குள் முடிக்க வேண்டும்.

எங்கே வைக்கிறீர்கள் என்பது தொகையைவிட முக்கியம். மேசை மேல் வெறுமனே கிடக்கும் ஐந்து டாலரை அவர் தொட மாட்டார். விருந்தினரின் பணத்தை எடுத்தார் என்று ஒரு புகார் போனால் வேலை போய்விடும். அதனால் அறையில் இருக்கும் குறிப்புத் தாளில் "ஹவுஸ் கீப்பிங், நன்றி" என்று ஆங்கிலத்தில் எழுதி, அதற்குள் நோட்டை வைத்து, தலையணை மேலோ குளியலறைக் கண்ணாடிக்குக் கீழேயோ வையுங்கள். எழுதிய பக்கம் மேலே தெரிய வேண்டும்.

உணவகத்தில் வரிக்கு முந்தைய தொகையில் 15 முதல் 20 சதவீதம். பாரில் ஒரு பானத்துக்கு ஒரு டாலர். க்ரூ வழக்கமாகத் தவறும் இடம் தள்ளுபடி. 30 டாலர் சாப்பாட்டுக்கு க்ரூ தள்ளுபடி 20 சதவீதம் போக 24 டாலர் பில் வருகிறது என்று வையுங்கள். டிப்ஸை 30-க்குக் கணக்கிட வேண்டும். 18 சதவீதம் என்றால் 5.40. 24-க்குக் கணக்கிட்டால் 4.32 ஆகிவிடும். தள்ளுபடி தருவது கடை, பரிமாறுகிறவர் தன் வேலையில் எதையும் குறைக்கவில்லை. ஆறு பேருக்கு மேல் சேர்ந்து உட்கார்ந்தால் பல கடைகள் 18 சதவீதத்தைத் தாங்களே பில்லில் சேர்த்துவிடும். அந்தத் தொகை பில்லில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு முறை கொடுப்பீர்கள்.

விமானத்தில் மிஞ்சிய சாக்லேட், குளிர்பானம், குட்டி மது பாட்டில், பழம் இவற்றை டிரைவருக்கோ ஹோட்டல் ஊழியருக்கோ டிப்ஸுக்குப் பதிலாகக் கொடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அன்போடு செய்தாலும் இது ஆபத்து. அது கம்பெனியின் சொத்து, எடுத்தால் திருட்டு, வேலைநீக்கம் வரை போகும். சுங்கச் சிக்கல் தனி. அமெரிக்காவில் விமானத்து ஆப்பிள் ஒன்றை அறிவிக்காமல் வெளியே கொண்டுவந்தாலே அபராதம் போடுவார்கள். ஒரு டாலரில் முடிகிற காரியத்துக்கு வேலையைப் பணயம் வைக்காதீர்கள்.

மற்ற ஊர்கள். ஜப்பானில் கொடுக்காதீர்கள். மேசையில் விட்டுவந்தால் நீங்கள் மறந்துவிட்டதாக எண்ணி வாசல் வரை ஓடிவந்து திருப்பித் தருவார்கள். தலை தாழ்த்தி "அரிகாத்தோ கொசாய்மஸ்" என்றால் நிறைவு. சீனாவிலும் வழக்கம் இல்லை. ஆஸ்திரேலியாவில் எதிர்பார்ப்பதில்லை. சிங்கப்பூர் உணவகங்களில் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் பெரும்பாலும் பில்லிலேயே வந்துவிடும், மேலே எதுவும் வேண்டாம். பிரான்சில் சர்வீஸ் விலைக்குள்ளேயே அடக்கம், பிடித்திருந்தால் ஓரிரு யூரோ வைக்கலாம். ஜெர்மனியில் மேசையில் விட்டுவிட்டுப் போவது வழக்கமில்லை: பில் 18.40 என்றால் பணம் நீட்டும்போதே "20" என்று சொல்லிவிட வேண்டும், மீதியைத் தராமல் எடுத்துக்கொள்வார்கள். லண்டனில் 12.5 சதவீதம் போல சேர்த்த பில் வரும், அது விருப்பத்துக்கு உட்பட்டது என்று அச்சிட்டிருந்தால் எடுத்துவிடச் சொல்லவும் உரிமை உண்டு. ஆனால் 2024 அக்டோபர் 1 முதல் அங்கே டிப்ஸ் பணத்தைக் கழிவு எதுவுமின்றி ஊழியர்களுக்கே கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது, அதனால் தயங்காமல் விட்டுவிடலாம். எந்த ஊராக இருந்தாலும் குடியேற்ற அதிகாரி, பாதுகாப்புச் சோதனை ஊழியர் போன்ற அரசுப் பணியாளர்களுக்குப் பணம் நீட்டாதீர்கள். அது லஞ்சம்.

உங்கள் அடுத்த அமெரிக்க லேஓவர் இரண்டு இரவு என்றால் வேனுக்கு 2, அறைக்கு 6, இரண்டு வேளை வெளியில் சாப்பிட்டால் பரிமாறுகிறவர்களுக்குச் சுமார் 10. ஆக 18 டாலர். லேஓவர் படியிலிருந்து முதலிலேயே இதைத் தனியாக எடுத்து, வேனுக்கும் அறைக்குமான எட்டு ஒற்றை நோட்டுகளை மட்டும் ஒரு சிறிய உறையில் போட்டு வைத்துவிடுங்கள். மிஞ்சினால் அதே உறையில் அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும். அந்த டிரைவரை மறுபடி பார்த்தால், போன முறை விட்ட ஒரு டாலரையும் சேர்த்து இரண்டாகக் கொடுங்கள்.