அலுமினா கூடினால் ஆயுள் கூடுமா?

கேள்வி: கருங்கல் அருகே சிறிய முந்திரி ஆலை நடத்துகிறோம். முந்திரித் தோட்டையே எரிக்கும் பாய்லர். போன ஓணத்துக்கு முன்பு அடுப்பின் உட்சுவருக்குப் புதிய தீச்செங்கல் வைத்தோம். இப்போதே ஓர் அங்குல கனத்துக்குப் பாளம் பாளமாக உதிர்கிறது. மற்ற இடங்களில் கண்ணாடி பூசியதுபோல் பளபளக்கிறது. "சூடு தாங்கவில்லை, 70 சதவீத அலுமினா (அலுமினிய ஆக்சைடு) உள்ள கல் போடுங்கள்" என்கிறார் ஒரு தரகர். இரும்பு ஆலையில் கழித்த கல்லாம், பாதி விலையாம். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். பாதி விலைக்கு மட்டுமல்ல, அந்தக் கல் புதிதாகவே கிடைத்தாலும் உங்கள் அடுப்புக்கு வேண்டாம்.

நல்ல சாதாரணத் தீச்செங்கல் 1300 டிகிரி வரை அலட்டிக்கொள்ளாமல் நிற்கும். தோடு எரிக்கும் சிறிய பாய்லர் அடுப்பு அந்த எல்லையைத் தொடுவது அரிது. உங்கள் கல்லை அரிப்பது சூடு அல்ல, சாம்பல். முந்திரித் தோட்டின் சாம்பலில் பொட்டாசியம் உண்டு. அது ஆவியாகிக் கல்லின் நுண்துளைகளுக்குள் புகுந்து, அங்குள்ள அலுமினாவோடும் சிலிக்காவோடும் (மணலின் மூலப்பொருள்) சேர்ந்து வேறொரு பொருளாக மாறுகிறது. புதிய பொருளுக்கு இடம் அதிகம் வேண்டும். முன்பக்க ஓர் அங்குலம் வீங்குகிறது, பின்பக்கம் வீங்குவதில்லை. இரண்டுக்கும் நடுவே பிளவு விழுகிறது. உதிரும் பாளங்கள் ஏறக்குறைய ஒரே கனத்தில் இருப்பது இதனால்தான்.

தரகர் சொல்லாத விஷயம் இங்கே வருகிறது. சிலிக்கா தாராளமாக உள்ள கல்லில் பொட்டாசியம் பட்டால் கெட்டியான கண்ணாடிப் படலம் உருவாகித் துளைகளை அடைத்துவிடும். அதற்குப் பின் தாக்குதல் மந்தப்படும். அலுமினா மிகுந்த கல்லில் அந்தப் படலம் சரியாக உருவாவதில்லை, வீக்கம் மட்டும் உருவாகிறது. ஆகவே உங்களுக்குத் தேவை 30 முதல் 40 சதவீத அலுமினா உள்ள, நுண்துளை குறைந்த, கனமான கல். ஐ.எஸ். 8 (இந்தியத் தர நிர்ணயம்) தரம் என்று கேளுங்கள். டெஸ்ட் சர்ட்டிபிகேட் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

பளபளக்கும் இடங்களைச் சுத்தியலால் கொத்திவிடாதீர்கள். கொத்தனார்கள் அதை அழுக்கு என்று நினைத்துச் சுரண்டுகிறார்கள். மெல்லிய, கல்லோடு ஒட்டிய படலம் உங்களுக்குக் காவல். ஆனால் ஒரு விதிவிலக்கு: மெல்லத் தட்டும்போது பொத்தென்று பொள்ளலாக ஒலித்தால் பின்னால் பிளவு விழுந்துவிட்டது; அதை எடுத்துவிட வேண்டும். கணீரென்று ஒலித்தால் விட்டுவிடுங்கள். ஒரே கல்லில் பாதி பொள்ளல், பாதி கெட்டி என்றால் முழுக் கல்லையும் மாற்றுங்கள், பாதியை ஒட்டுப்போடாதீர்கள். விரல் கனத்துக்கு வழிந்து தொங்கும் கிட்டம் (உருகி இறுகிய சாம்பல்) இந்தக் கணக்கில் சேராது. அடுப்புக் கம்பிகளில் விழுந்து காற்றை அடைக்கும் என்பதால், அடுப்பு ஆறிய பிறகு அதை மட்டும் தட்டி எடுங்கள்.

அடுத்து, கல் வைத்தவர் கலவையில் ஒரு கை சிமென்ட் போட்டாரா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் போட்டிருப்பார். சாதாரண சிமென்ட் 400, 500 டிகிரியில் உறுதி இழந்து சுண்ணாம்பாகிறது. அடுப்பு அணைந்திருக்கும்போது காற்றின் ஈரத்தைக் குடித்து வீங்கி இணைப்பைப் பிளக்கிறது. இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில் ஈரத்துக்குப் பஞ்சமா? தீச்செங்கல்லுக்கு ஃபயர் கிளே (சூடு தாங்கும் களிமண்) கலவைதான். இணைப்பு 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். 1000 டிகிரியில் ஒரு மீட்டர் சுவர் 5, 6 மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடைவெளி விடாமல் கட்டினால் சுவர் தானே நெளிந்து முன்னால் தள்ளும்.

சனிக்கிழமை அணைத்து, திங்கட்கிழமை காலையிலேயே முழு வேகத்தில் எரிப்பதும் கல்லை உடைக்கும். இரண்டு மூன்று மணி நேரம் சிறு தீயில் விடுங்கள். பாய்லரின் ஆண்டு ஆய்வுக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று தண்ணீர் அடித்துக் குளிரவைப்பவர்களை என்ன சொல்ல! ஆய்வாளர் டியூப்பையும் தகட்டையும் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும். அந்தத் தகட்டைக் காக்கும் கல்லைத்தான் மறந்துவிடுகிறோம். கல் கொட்டித் தகடு சிவந்த பிறகுதான் எல்லோருக்கும் அது நினைவுக்கு வரும். வெளித்தகட்டில் பெயிண்ட் கருகினால் அன்றே நிறுத்துங்கள். அப்படி இல்லையென்றால், 9 அங்குலச் சுவரில் ஓர் அங்குலம் போனதற்கு முழுவதையும் இடிக்க வேண்டியதில்லை; உதிர்ந்த கற்களை மாற்றினால் போதும்.

தரகருக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால், அவர் எதிரிலேயே ஒரு கல்லை உடையுங்கள். புதிய கல் உள்ளே முழுக்க ஒரே நிறம். கழித்த கல்லில் ஒரு முகத்திலிருந்து உள்நோக்கி நிறம் பட்டை பட்டையாக மாறும். பழைய கலவைத் தடத்தைத் தேய்த்துக் கல்தூள் பூசியிருப்பார்கள். பட்டை தெரிந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.