விரல் நுனிக் கறை

அன்புள்ள அக்காவுக்கு,

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு துணிப்பொம்மை தைத்து விற்கிறேன். கேட்கிறவர்கள் எல்லோரும் கொழுந்து எடுக்கும் பெண்ணைத்தான் கேட்கிறார்கள். சிவப்புச் சேலை, முதுகில் கூடை, சிரித்த முகம். தைத்துத் தைத்து அலுத்துவிட்டது. போனில் தேடினாலும் அதே படங்கள்தான். என் அம்மாயி காலத்தை நினைவுக்குக் கொண்டுவருகிற மாதிரி ஒன்று செய்ய ஆசை. எங்கே தேடுவது?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

போனை வைத்துவிட்டு வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

கடைப் பொம்மைகளில் நான் முதலில் தேடுவது படங்கைத்தான், சேலைக்கு மேல் சுற்றிக் கட்டும் அந்த முரட்டுத் துணியை. அநேகமாக இருக்காது. இடுப்பில் படங்கு கட்டாமல் தேயிலைச் செடிக்குள் எப்படி இறங்குவது? வாது குத்திச் சேலை கிழியும், பனியில் நனையும். மழை நாளென்றால் தலையில் முக்காடு மாதிரிக் கொங்காணி, இல்லாவிட்டால் கம்பளி. அந்தக் கம்பளியைத் தோட்டமே கொடுத்து, விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட காலம் ஒன்று உண்டு. பழைய கம்பளித் துண்டு கிடைத்தால் கத்தரியை யோசித்து வையுங்கள். நைந்த ஓரம் அப்படியே பொம்மையின் நெற்றியில் வரட்டும்.

அப்புறம் கூடை. கயிறு தோளில் அல்ல, தலையில்தான் விழ வேண்டும். பாரம் இழுப்பதால் கழுத்து கொஞ்சம் முன்னால் சாய்ந்திருக்கும். கழுத்துக்குள் இலவம்பஞ்சை இறுக்கி அடைத்தால்தான் அந்தச் சாய்வு நிற்கும். அம்மாயி இருக்கிறார் என்றால் வெறுங்கூடையைக் கொடுத்து ஒருமுறை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். உடம்பு மறந்திருக்காது.

கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் தொழிலாளர்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. ஒருநாள் போய்வாருங்கள்.

மேனி நிறத்துக்குச் சாயம் வாங்க வேண்டாம். நாம் பால் விடாமல் குடிக்கிற தேயிலைச் சாயத்தண்ணியே போதும். தூளைக் கடுமையாகக் கொதிக்கவைத்து, வெள்ளைப் பருத்தித் துணியை ஒரு இரவு ஊறவிடுங்கள். கொஞ்சம் சாயத்தைத் தனியாக எடுத்துத் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு வைத்தால் அது கறுத்துவிடும். தேயிலைத் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான். அந்தக் கறுப்பைப் பொம்மையின் விரல் நுனிகளில் மட்டும் தொட்டு வையுங்கள். கொழுந்து கிள்ளிக் கிள்ளி ஏறிய கறை அது. என் அம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல் நாள் தேசிக்காய் (எலுமிச்சை) மூடியால் விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். ஒரு வருஷமும் முழுதாகப் போனதில்லை.

தைத்து முடித்ததும் படம் அனுப்புங்கள். கைகளைக் கிட்டத்தில் எடுங்கள்.

அன்புடன்,
அக்கா