வாசகர் கேள்வி பதில்: தடுப்பூசி, பருவநிலை, இணைய வாதங்கள்

கேள்வி: தடுப்பூசி போட்டால் குழந்தைகளுக்கு ஆட்டிசம் வரும் என்ற செய்தியை என் பெரியப்பா எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி பகிர்கிறார். ஆய்வுகளைக் காட்டிப் பதில் எழுதினால், "அவற்றுக்குப் பணம் கொடுப்பவர்களே மருந்து கம்பெனிக்காரர்கள்தான்" என்று முடித்துவிடுகிறார். அவர் மாறப்போவதில்லை என்று தெரிந்த பிறகும் வாதாடுவதில் பயன் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் அந்தப் பயன் உங்கள் பெரியப்பாவிடம் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்தக் குழுவில் ஒரு வார்த்தையும் எழுதாமல் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம். கைக்குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி போட வேண்டிய ஓர் இளம் தாய் அவர்களில் இருக்கலாம். அவர் கேள்வி கேட்கத் தயங்குவார். பெரியப்பாவின் செய்திக்கு எவரும் மறுப்புச் சொல்லாவிட்டால், மறுக்க முடியாததால்தான் எல்லோரும் பேசாமல் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்வார். பிலிப் ஷ்மிட், கொர்னேலியா பெட்ஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட சோதனைகளும் இதையே காட்டுகின்றன: அறிவியலை மறுப்பவரின் பேச்சுக்குப் பதிலே வராதபோதுதான் கேட்பவர்களின் மனத்தில் மிகுந்த சேதம் ஏற்படுகிறது, உண்மைகளைச் சொல்லி மறுத்தாலும், எதிராளியின் வாத உத்தியை அம்பலப்படுத்தி மறுத்தாலும் அந்தச் சேதம் குறைகிறது.

இனி, என்ன எழுதுவது என்பதற்கு வருவோம். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஆகிய மூன்றுக்குமான தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்துப் பேசும் பழக்கம், பிரிட்டன் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் அவருடைய குழுவினரும் 1998-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பரவியது. அதில் ஆராயப்பட்டவர்கள் 12 குழந்தைகள் மட்டுமே. தடுப்பூசித் தயாரிப்பாளர்கள்மீது வழக்குத் தொடுக்க முனைந்திருந்த வழக்கறிஞர் தரப்பிடமிருந்து வேக்ஃபீல்ட் பணம் பெற்றிருந்ததும், அதைக் கட்டுரையில் அவர் தெரிவிக்காததும் பின்னர் வெளிவந்தன. 2010-இல் லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் பிரிட்டன் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவருடைய பெயரும் நீக்கப்பட்டது. மறுபக்கத்தில், டென்மார்க்கில் 1999 முதல் 2010 வரை பிறந்த 6,57,461 குழந்தைகளைப் பதிவேடுகளின் வழியாகத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2019-இல் வெளியானது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை. உடன்பிறந்தவருக்கு ஆட்டிசம் இருந்த குழந்தைகளிடமும் அந்த வேறுபாடு தென்படவில்லை.

இவற்றையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட வேண்டாம். பணத்தைப் பற்றித்தான் பெரியப்பா பேசியிருக்கிறார் என்றால் பணத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள்: "பெரியப்பா, பணம் வாங்கிக்கொண்டு ஆய்வு செய்பவரின் சொல்லை அப்படியே நம்பக்கூடாது என்று நீங்கள் சொல்வது சரிதான். ஆட்டிசம் பயத்தைக் கிளப்பிய கட்டுரையை எழுதியவரே அப்படிப் பணம் வாங்கியவர் என்பதால்தான், நான் அதை நம்பவில்லை." அவர் உடனே தடுப்பூசியில் பாதரசம் இருக்கிறது என்ற பேச்சுக்குத் தாவலாம், அங்கிருந்து வேறொரு தடுப்பூசிக்கும் தாவலாம். அப்போது பின்னாலேயே ஓடாமல், முதல் கேள்விக்கு அவர் என்ன முடிவுக்கு வந்தார் என்று மரியாதையாகக் கேளுங்கள். அவர் பதில் சொல்லாமல் நழுவுவதைப் படிப்பவர்கள் கவனிப்பார்கள். இன்னொன்று: பொய்ச் செய்தியை முதல் வரியில் மேற்கோள் காட்டி மறுக்காதீர்கள். ஒரு கூற்று திரும்பத் திரும்பக் காதில் விழுந்தாலே அது உண்மைபோலத் தோன்றத் தொடங்குகிறது என்பது உளவியலில் பலமுறை சோதிக்கப்பட்ட முடிவு. உண்மையை முதலில் எழுதிவிட்டு, தவறு எங்கே நேர்ந்தது என்பதைப் பிறகு சொல்லுங்கள்.

கேள்வி: நோய் பரவியபோது பாதிக்கப்பட்டவர்களில் தடுப்பூசி போட்டவர்களே அதிகம் என்று ஒருவர் புள்ளிவிவரத்தோடு எழுதியிருந்தார். எண்கள் உண்மையாகவே இருந்தன. எப்படி மறுப்பது?

பதில்: எண்களை மறுக்க வேண்டாம், அவற்றுக்குப் பின்னால் விடுபட்டதை எடுத்து வைத்தால் போதும். கணக்குக்காக 1,000 பேரை எடுத்துக்கொள்வோம். 950 பேர் தடுப்பூசி போட்டவர்கள், 50 பேர் போடாதவர்கள். தடுப்பூசி இல்லாவிட்டால் நூற்றுக்கு 80 பேருக்கும், இருந்தால் நூற்றுக்கு 8 பேருக்கும் நோய் வரும் என்று கொள்வோம். போடாத 50 பேரில் 40 பேருக்கு நோய் வரும். போட்ட 950 பேரில் 76 பேருக்கு வரும். நோயாளிகளை மட்டும் வரிசையில் நிறுத்தி எண்ணினால், தடுப்பூசி போட்டவர்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் ஒருவருமே போடாமல் இருந்திருந்தால் நோயாளிகள் 800 பேர். இப்போது 116 பேர்தான். எத்தனை பேரில் எத்தனை பேர் என்ற கேள்வியை விட்டுவிட்டால், சரியான எண்ணும் தவறான முடிவுக்குத்தான் இட்டுச்செல்லும். இந்தக் கணக்கை வாதத்தின் நடுவில் வாய்ப்பாடுபோல ஒப்பிக்காமல், எதிராளியையே பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தன் கையால் போட்ட கணக்கை மறுப்பது எளிதல்ல.

கேள்வி: தடுப்பூசியால் பக்கவிளைவே இல்லை என்று அடித்துச் சொன்னால்தானே மக்களுக்குத் தைரியம் வரும்?

பதில்: அப்படிச் சொல்லவே கூடாது. அது உண்மையல்ல, பொய் என்று தெரியவரும் நாளில், நீங்கள் சொன்ன உண்மைகளும் சேர்ந்து மதிப்பிழக்கும். குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டாவைரஸுக்கு எதிராக அமெரிக்காவில் 1998-இல் அனுமதி பெற்ற முதல் தடுப்பூசி, ஏறத்தாழ 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு, குடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள் செருகிக்கொள்ளும் ஆபத்தை உண்டாக்குவதாகத் தெரிந்ததும், 1999-இலேயே விலக்கிக்கொள்ளப்பட்டது. அதன் பிறகு வந்த இரண்டு ரோட்டாவைரஸ் தடுப்பூசிகள், இந்த ஆபத்தை மனத்தில் கொண்டு, ஒவ்வொன்றும் 60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதிக்கப்பட்ட பின்பே அனுமதி பெற்றன. பத்தாயிரத்தில் ஒன்றைக்கூடக் கண்டுபிடித்து நிறுத்தும் கண்காணிப்பு இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். சந்தேகத்தோடு நிற்கும் பெற்றோரிடம், ஆபத்தே இல்லை என்ற உறுதிமொழியைவிட இந்த வரலாறு நேர்மையாகப் பேசும் என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: பூமியின் பருவநிலை எப்போதுமே மாறிக்கொண்டுதான் இருந்தது, சூரியனும் எரிமலைகளும் காரணமாக இருக்க, மனிதரைக் குறை சொல்வானேன் என்கிறார்கள். பதில் சொல்லத் தெரியாமல் திணறுகிறேன்.

பதில்: முதல் பாதியை ஒப்புக்கொள்ளுங்கள், பழைய மாற்றங்களைக் கண்டறிந்து சொன்னவர்களும் பருவநிலை ஆய்வாளர்களே. காட்டுத் தீ மனிதர் தோன்றும் முன்பே உண்டு என்பதால், இன்று எரியும் தீயை எவரும் மூட்டவில்லை என்று ஆகிவிடாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தடயத்தைத் தேடத்தான் வேண்டும்.

தடயங்கள் இருக்கின்றன. சூரியனின் வெளிச்சத்தை 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளந்துவருகின்றன. பூமி வெப்பமடைந்துகொண்டிருந்த இத்தனை ஆண்டுகளிலும் அது கூடிக்கொண்டே போகவில்லை. மேலும், சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்குகளும் சூடாக வேண்டும். ஆனால் கீழடுக்கு சூடாகிறது, அதற்கு மேலுள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் என்ற அடுக்கு குளிர்கிறது. கரியமில வாயு பெருகினால் நிகழும் என்று கணிக்கப்பட்டதும் இதுவே. எரிமலைகள் ஆண்டுதோறும் வெளியிடும் கரியமில வாயுவைப்போல நூறு மடங்குக்கும் மேலாக மனிதர் வெளியிடுகிறார்கள். தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றின் பத்து இலட்சம் மூலக்கூறுகளில் சுமார் 280 கரியமில வாயுவாக இருந்தன. அமெரிக்க ஆய்வாளர் சார்லஸ் கீலிங் 1958-இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது அது சுமார் 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. கூடுதலாகச் சேர்ந்தது எங்கிருந்து வந்தது என்பதற்கும் அடையாளம் உண்டு: நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தவை என்பதால் காலப்போக்கில் சிதைந்து மறையும் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 அவற்றில் எஞ்சியிருப்பதில்லை, அவற்றை எரிக்க எரிக்கக் காற்றிலுள்ள கார்பனில் அதன் விகிதம் நீர்த்துப்போவதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், இத்தனை சான்றுகளில் இதுவே மிகவும் வலுவானது. வாதத்தில் ஒன்றை மட்டும் சொல்ல இடமிருந்தால் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: பெரும்பான்மை விஞ்ஞானிகளை எதிர்த்து நின்ற தனி ஒருவர் வென்றதில்லையா?

பதில்: வென்றிருக்கிறார்கள். வயிற்றுப் புண்ணுக்கு ஒரு பாக்டீரியா காரணம் என்று சொன்ன ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல், 1984-இல் அதைத் தானே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். சக ஆய்வாளர் ராபின் வாரனோடு 2005-இல் நோபல் பரிசும் பெற்றார். பிறரும் சோதித்துப் பார்த்து அதே விடையைக் கண்டதால்தான் அவர் வென்றார். சான்றைக் காட்டாமல் எதிர்ப்பை மட்டும் காட்டுபவருக்கு அவருடைய வரலாறு துணை நிற்காது.

கேள்வி: எப்போது நிறுத்த வேண்டும்?

பதில்: "எப்படிப்பட்ட சான்று கிடைத்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?" என்று ஒருமுறை கேளுங்கள். எதிராளி ஏதேனும் ஒன்றைக் குறிப்பிட்டால் தொடருங்கள். அது நல்ல உரையாடலின் தொடக்கம். எதுவும் மாற்றாது என்றாரானால், உங்கள் பதிலைச் சுருக்கமாக, படிப்பவர்களுக்காக ஒரே ஒரு முறை முழுமையாக எழுதிவிட்டு விலகுங்கள். குரலை உயர்த்துவது, கேலிப் படம் போடுவது, எதிராளியின் படிப்பை இழுப்பது ஆகிய மூன்றையும் தவிருங்கள். சந்தேகத்தோடு படித்துக்கொண்டிருப்பவர், அந்தக் கேலி தன்மீதும் விழுவதாகத்தான் உணர்வார். அவர் தனிச் செய்தியில் உங்களிடம் கேள்வி கேட்டால், அது எவ்வளவு எளிய கேள்வியானாலும் பொறுமையாகப் பதில் எழுதுங்கள். குழுவில் செலவழித்த நேரத்தைவிட அதிக நேரத்தை அவருக்குக் கொடுங்கள்.