படிப்பா, பந்தா? முதலில் அந்த இடுப்பு வலி

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. சென்னையில் ஹாஸ்டலில் தங்கி பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வேகப்பந்து வீச்சாளன். மாவட்ட அண்டர்-19 அணியில் ஆடியவன். போன வருடம் சென்னை லீக்கில் மூன்றாவது டிவிஷன் கிளப் ஒன்று அவனை எடுத்துக்கொண்டது. நன்றாகவே விக்கெட் எடுத்தான். இப்போது, "படிப்பை நிறுத்திவிட்டு முழுநேரம் கிரிக்கெட் ஆடுகிறேன்" என்கிறான். அவன் அப்பா முடியவே முடியாது என்கிறார். லீவில் ஊருக்கு வந்தாலும் ஓய்வு கிடையாது, டென்னிஸ் பந்து டோர்னமென்ட் ஆடப் போய்விடுவான். ராத்திரி இடுப்பில் தைலம் தேய்த்துவிடச் சொல்வான். கோச்சிங் நடத்தும் ஒருவர், 4 லட்சம் கொடுத்தால் வேறு மாநில அண்டர்-23 அணியில் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார். நகையை வைத்தால் புரட்டிவிடலாம். நடுவில் 12,000 ரூபாய்க்கு ஸ்பைக்ஸ் ஷூ வேறு கேட்கிறான். நான் என்ன செய்யட்டும்? - ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: சகோதரி, நீங்கள் படிப்பைப் பற்றியும் பணத்தைப் பற்றியும்தான் கேட்டிருக்கிறீர்கள். தைலம் தேய்க்கிற விஷயத்தைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் கவலையாக இருக்கிறது. அதை முதலில் பேசிவிடுகிறேன்.

வேகப்பந்து வீசும் பையன்களுக்கு 17, 18 வயதிலிருந்து இருபதுகளின் நடுப்பகுதி வரை கீழ் முதுகெலும்பு முழுமையாக உறுதிப்பட்டிருக்காது. பந்தை விடும் நொடியில் உடல் பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திரும்பவும் செய்கிறது. முன்னங்கால் தரையில் அறையும்போது உடல் எடையைப் போல் பல மடங்கு விசை மேலே ஏறுகிறது. இது ஒரு நாளைக்கு நூறு தடவை நடந்தால் எலும்பில் மயிரிழை போல விரிசல் விடும். இதைத்தான் 'ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்' என்கிறார்கள். பும்ராவை 2019-ல் உட்கார வைத்தது இதுதான். ஆஸ்திரேலியாவின் பேட் கம்மின்ஸ் 18 வயதில், 2011 நவம்பரில், ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட் ஆடினார். இரண்டாவது இன்னிங்ஸில் 6 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். அவர் தன் இரண்டாவது டெஸ்ட்டை ஆடியது 2017 மார்ச்சில், ராஞ்சியில். இடையில் போன ஐந்து வருடங்களுக்கும் முக்கியக் காரணம், முதுகில் திரும்பத் திரும்ப வந்த முறிவுதான். ஒரு நாட்டு வாரியத்தின் மருத்துவர்கள் அத்தனை பேரும் கூட இருந்தே அவருக்கு அந்த நிலை. ஹாஸ்டலில் இருக்கும் பையனைக் கவனிக்க யார் இருக்கிறார்கள்?

வலி ஒரு பக்கமாக இருக்கிறதா, பின்னால் வளைந்தால் கூடுகிறதா, இரண்டு நாள் ஓய்வெடுத்தால் குறைந்து, பந்து போட்டதும் மறுபடி வருகிறதா என்று மகனிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் தைலத்தை மூடி வைத்துவிட்டு ஸ்போர்ட்ஸ் மெடிசின் பார்க்கும் டாக்டரிடமோ, விளையாட்டுக் காயங்களைப் பார்த்துப் பழகிய எலும்பு டாக்டரிடமோ அழைத்துப் போங்கள். சும்மா தசைப்பிடிப்பாகவும் இருக்கலாம், பயப்பட வேண்டாம். ஆனால் வெறும் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வந்தால் அதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். ஆரம்பக்கட்ட விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான் தெரியும். தொடக்கத்திலேயே பிடித்துவிட்டால் சில மாத ஓய்வில் சேர்ந்துவிடும். மறைத்துக்கொண்டே ஆடினால் ஒரு சீசனோ இரண்டோ போய்விடும். பையன்கள் மறைக்கத்தான் செய்வார்கள். வலி என்று சொன்னால் கிளப்பில் தன் இடத்துக்கு இன்னொருவன் வந்துவிடுவான் என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது, அதனால் திட்டாமல் கேளுங்கள்.

அப்புறம் இந்த டென்னிஸ் பந்து. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜனின் கதையை உங்கள் மகன் நூறு தடவை உங்களுக்குச் சொல்லியிருப்பார். டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர், பேட்ஸ்மேனின் காலடியில் விழும் யார்க்கரைக் கற்றுக்கொண்டதும் அதில்தான். எல்லாம் சரி. 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக அவர், மாநில அணிகள் மோதும் ரஞ்சி கோப்பையில் முதல் ஆட்டம் ஆடியதும் என்ன நடந்தது என்பதையும் மகன் சொன்னாரா? பந்தை எறிகிறாரோ என்ற சந்தேகத்தில் அவருடைய ஆக்‌ஷன் மீது புகார் போனது. பந்து போடும்போது, மடங்கிய முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீளக் கூடாது என்பது விதி. அத்தனை வருடம் போட்டுப் பழகிய கையை உட்கார்ந்து பிரித்து மாற்ற வேண்டியிருந்தது. மாற்றி, மீண்டு வந்து, 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டி.என்.பி.எல்.) திண்டுக்கல் அணிக்கு ஆடி, 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடிக்குப் போனார். பிறகு ஐதராபாத் அணிக்கு மாறி, இரண்டு சீசன் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தார். 2020 டிசம்பரில் இந்தியாவுக்கு ஆடும்போது அவருக்கு வயது 29.

எடை குறைந்த பந்துக்கு வேகம் கொடுக்க கை வேறு மாதிரி சுழல வேண்டும். சிவப்புத் தோல் பந்தில் மேலே வர நினைக்கிறவர், அதுவும் இடுப்பு வலியோடு, பரிசுப் பணத்துக்காக லீவு நாளில் அதைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நெட்ஸ் பயிற்சியில் எத்தனை பந்து, மேட்ச்சில் எத்தனை, மற்றது எத்தனை என்று தினமும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் அவருக்கே திக்கென்று இருக்கும். டாக்டரும் முதலில் அந்தக் கணக்கைத்தான் கேட்பார்.

சரி, 4 லட்சம். கொடுக்காதீர்கள். நகையைப் பீரோவிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். ஒரு மாநிலத்துக்கு ஆட வேண்டுமானால் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது வசித்தோ படித்தோ வேலை பார்த்தோ வர வேண்டும் என்று இந்திய கிரிக்கெட் வாரியம் விதி வைத்திருக்கிறது. வெளியிலிருந்து 'புரொஃபஷனல்' என்று அழைத்துக்கொள்வது ஏற்கெனவே பேர் வாங்கிய பெரிய ஆட்டக்காரர்களை. அதற்கும் சொந்த மாநிலச் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். மூன்றாவது டிவிஷன் பையனுக்குக் குறுக்கு வழி இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், போலிச் சான்றிதழ் தயாராகிறது என்று அர்த்தம், இல்லையென்றால் பணம் காணாமல் போகப் போகிறது என்று அர்த்தம். போலிச் சான்றிதழ் மாட்டினால் தடை விழுவது பையன் தலையில். அந்தக் கோச்சிங் இடத்திலிருந்தே மகனை எடுத்துவிடுங்கள் என்பேன்.

இதோடு சேர்ந்த இன்னொன்றையும் இப்போதே சொல்லி வையுங்கள். முன்பின் தெரியாத யாராவது வாட்ஸ்அப்பில் வந்து, 'பிட்ச் எப்படி, டீம் என்ன' என்று நைஸாகக் கேட்டாலோ பரிசு தருகிறேன் என்றாலோ, அன்றைக்கே கிளப்பில் சொல்லிவிட வேண்டும். பெரிய ஆட்டங்களுக்குப் போகப் போக, சொல்லாமல் இருப்பதே தனிக் குற்றம். வங்கதேசத்தின் ஷாகிப் அல் ஹசன் 2019-ல் தடை வாங்கியது சூதாடியதற்காக அல்ல, தரகர் அணுகியதை மேலே தெரிவிக்காததற்காக.

இனி படிப்பு. உங்கள் மகனும் கணவரும் மோதிக்கொள்வது ஐ.பி.எல்.லை வைத்துத்தான் என்று நினைக்கிறேன். ஒருவருக்கு அது கிடைத்தே தீரும், இன்னொருவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. இரண்டு பேருமே அதை ஒரு மூன்று வருடத்துக்கு மறந்துவிட்டால் நல்லது. இப்போது பார்க்க வேண்டிய கேள்வி சின்னது: அடுத்த சீசனில் இரண்டாவது டிவிஷன் கிளப் ஒன்று அவரைக் கேட்குமா? அதற்கடுத்து முதல் டிவிஷன்? தமிழ்நாட்டுத் தேர்வாளர்களின் கண் முதல் டிவிஷன் மேலும், மாவட்டங்களுக்கு இடையிலான போட்டிகள் மேலும் இருக்கிறது. முதல் டிவிஷனில் ஆட்டங்கள் பல நாள் நடக்கும். காலையில் போட்டவர் மறுநாளும் வந்து அதே வேகத்தில் போட வேண்டும். வேகப்பந்து வீச்சாளர் யார், வேகமாகப் போடத் தெரிந்தவர் யார் என்பது அங்கேதான் பிரியும். கம்பெனிகள் நடத்தும் பலமான அணிகள் இருப்பதும் அங்கேதான். வேலையோ மாதச் சம்பளமோ அந்த மட்டத்தில்தான் பேச ஆரம்பிப்பார்கள்.

அண்டர்-19 வயது முடிந்துவிட்டது என்று வருத்தப்பட வேண்டாம். சி.கே. நாயுடு கோப்பைக்கான அண்டர்-23 கதவு இன்னும் திறந்திருக்கிறது. 2021-ல் வாரியம் அறிவித்த கணக்குப்படி அண்டர்-23 அணியின் ஆடும் பதினொருவரில் இருந்தால் ஒரு நாளைக்கு 25,000 ரூபாய். ரஞ்சியில் புதியவருக்கு நாளைக்கு 40,000, உட்கார்ந்திருக்கும் ரிசர்வ் வீரருக்கு அதில் பாதி. நான்கு நாள் ஆட்டம், லீக் கட்டத்தில் ஏழு ஆட்டம். ஏழிலும் இடம் கிடைத்தால் 11 லட்சத்துக்கு மேல். உங்கள் கணவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், ஏனென்றால் ஐ.பி.எல். இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை என்ற எண்ணம் பழசு. தமிழ்நாட்டு பேட்ஸ்மேன் பத்ரிநாத் இந்தியாவுக்கு ஆடிய டெஸ்ட் இரண்டே இரண்டு. முதல்தர கிரிக்கெட்டில் 10,000 ரன்னுக்கு மேல் எடுத்தார். அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு வாய் வராது. மகனிடமும் அதே கணக்கைக் காட்டுங்கள், வேறு காரணத்துக்காக: மாநில அணியில் ஆடுவது பதினொரு பேர். முதல் டிவிஷனிலிருந்து மட்டுமே அதற்கு முட்டி மோதுகிறவர்கள் நூற்றுக்கும் மேல்.

பி.காம். முடிக்க இன்னும் ஒன்றரை வருடம்தான். அதை விடுவதால் என்ன மிச்சமாகும் என்று அவரிடம் கேளுங்கள். காலை நெட்ஸ், மாலை ஜிம், நடுவில் வகுப்பு. வகுப்பை எடுத்துவிட்டால் அந்த நேரத்திலும் பந்து போடுவாரா? இந்த முதுகோடு போடவே கூடாது. அப்படியானால் ரூமில் போன்தான் பார்ப்பார். அஸ்வின் எஸ்.எஸ்.என். கல்லூரியில் பி.டெக். முடித்தவர், 2006 டிசம்பரில் ரஞ்சிக்கு வந்ததும் மாணவனாக இருந்தபோதுதான். வருண் சக்கரவர்த்தி ஆர்க்கிடெக்சர் படித்து வேலை பார்த்துவிட்டு, மறுபடி கிரிக்கெட்டுக்கு வந்தவர். வேகப்பந்து போட்டு முழங்காலில் அடிபட்டு, சுழலுக்கு மாறி, சென்னை லீக் நான்காவது டிவிஷனில் ஏழு ஆட்டத்தில் 31 விக்கெட் எடுத்தார். அப்போது அவருக்கு 26 வயது. 2018 கடைசியில் நடந்த ஏலத்தில் 8 கோடியே 40 லட்சத்துக்குப் போனார். இந்தக் கதையை உங்கள் மகனுக்குச் சொல்லும்போது, அந்த முதல் ஐ.பி.எல்.லில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஓர் ஆட்டம் என்பதையும், அடுத்த சீசனுக்கு முன்பே அந்த அணி அவரை விடுவித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அரைக் கதை ஆபத்து.

டிகிரிக்கு வேறொரு பயனும் உண்டு. ரயில்வே, வங்கி, வருமான வரி என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும் இடங்களில் எந்த நிலையில் சேர்ப்பார்கள் என்பதில் படிப்புக்கும் பங்கு உண்டு. அங்கே சேர்ந்தால் சம்பளத்தோடு ஆடலாம். வருகைப் பதிவுதான் பிரச்சினை என்றால் உடற்கல்வி இயக்குநரைப் போய்ப் பார்த்து ஓ.டி. (ஆடப் போன நாளையும் வந்ததாகக் கணக்கில் எடுப்பது) கேட்கச் சொல்லுங்கள். முதல் டிவிஷன் வாய்ப்பு வந்து, அந்த அட்டவணையோடு கல்லூரி ஒத்துப்போகவே இல்லை என்றால் அப்போது தொலைநிலைக் கல்விக்கு மாறலாம். இப்போது அதற்கு அவசியமே இல்லை.

உங்கள் கணவரிடம் ஒன்று கேட்டு வாங்குங்கள்: 23 வயது முடியும் வரை அவகாசம். அதுவரை "எப்பதான் வேலைக்குப் போவே" என்று சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பிக்கக் கூடாது. மகனிடமும் ஒன்று வாங்குங்கள்: பரீட்சையில் அரியர் விழக் கூடாது, வலியை மறைக்கக் கூடாது. 23-ல் உட்கார்ந்து பாருங்கள். முதல் டிவிஷனில் ஆடிக்கொண்டிருக்கிறாரா, மாநில அண்டர்-23 முகாமுக்காவது ஒரு தடவை கூப்பிட்டார்களா? ஆம் என்றால் இன்னும் கொஞ்சம் விடுங்கள், வேகப்பந்து வீச்சாளர்கள் தாமதமாகவே பழுக்கிறார்கள். மூன்றாவது டிவிஷனிலேயே நிற்கிறார் என்றால் வேலைக்குப் போகட்டும். வார நாளில் ஆபீஸ் போய்விட்டு வார இறுதியில் லீக் ஆடுகிறவர்கள் சென்னையில் ஏராளமாக இருக்கிறார்கள், சந்தோஷமாகவும் இருக்கிறார்கள்.

ஷூவுக்கு வருகிறேன். வாங்கிக் கொடுங்கள். ஒரு பேட்ஸ்மேன் மூன்றாவது பேட் கேட்டிருந்தால் யோசிக்கச் சொல்லியிருப்பேன், ஆனால் வேகப்பந்து வீச்சாளருக்குச் செலவு செய்ய வேண்டிய பொருள் ஷூதான். குதிகாலில் மெத்தை கனமாக, கால் விரல்களை இறுக்காமல், மாலை நேரத்தில் கால் லேசாக வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். ஆன்லைனில் வேண்டாம். டாக்டரைப் பார்த்த பிறகு வாங்கினால் போதும், ஒருவேளை உள்ளே வேறு சோல் வைக்கச் சொல்வார்.