கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் (புரதங்களை உறையவைத்து எலக்ட்ரான் கற்றையால் பார்க்கும் கருவி) படம் எடுக்கும்போதே கணினி ஏன் கணக்குப் போடுகிறது? எல்லாம் எடுத்து முடித்தபின் செய்தால் ஆகாதா?

செய்யலாம். ஆனால் மாதிரி சரியில்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும், அதற்குள் கருவி நேரம் போயிருக்கும்.

இதில் கிடைப்பது ஒற்றைப் படமல்ல, சில வினாடி ஓடும் குறும்படம். எலக்ட்ரான் கற்றை பட்டதும் பனியில் உறைந்த புரதம் லேசாக நகர்கிறது. அதனால் சட்டம் (ஃபிரேம்) சட்டமாகப் பதிந்து, ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்திக் கூட்டுகிறார்கள். கூட்டிய படத்தின் ஃபூரியர் உருமாற்றத்தில் (படத்தை அலைகளாகப் பிரித்துக் காட்டும் கணக்கு) வளையங்கள் தெரியும். அவை சீக்கிரமே மங்கினால் பனி தடிமனாக இருக்கலாம், நீள்வட்டமாக இருந்தால் லென்ஸைச் சரிசெய்ய வேண்டும். உடனே வேறு இடத்துக்குப் போய்விடலாம்.

என்னைக் கேட்டால், பெரிய லாபம் அடுத்த கட்டத்தில்தான். சில ஆயிரம் துகள்கள், அதாவது தனித்தனிப் புரதங்களின் படங்கள், சேர்ந்ததும் அவற்றை வகைபிரித்துச் சராசரி எடுத்தால், புரதங்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். அப்படியானால் மாதிரி மேடையைச் சாய்த்து எடுக்கலாம். கிரையோஸ்பார்க் லைவ் போன்ற மென்பொருள்கள் இதைத்தான் செய்கின்றன.

சில கருவிகளில் வேறு வழியே இல்லை. அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்காகச் செய்த 4டி கேமரா வினாடிக்கு 87,000 சட்டங்கள் எடுக்கிறது, தரவு வேகம் வினாடிக்குச் சுமார் 480 ஜிகாபிட். அத்தனையையும் சேமிப்பது கட்டாது. எலக்ட்ரான் விழுந்த புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள்.