உறைபனியும் ஒரு மதிப்பெண்ணும்

அன்புள்ள அக்கா,

ஊட்டி பக்கம் ஒரு சிற்றூர் என்னுடையது. வீட்டில் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. வங்கித் தேர்வுக்காகத் தினமும் ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ப் பொருளோடு மனப்பாடம் செய்கிறேன். மாதிரித் தேர்வில் ‘ஃப்ராஸ்ட்டி ரிசப்ஷன்’ என்பதற்குப் பொருள் கேட்டிருந்தார்கள். என் கையேட்டில் ஃப்ராஸ்ட் என்றால் பனி. பனி குளிர்ச்சிதானே என்று, மகிழ்ச்சியான வரவேற்பு என்ற விடையைக் குறித்தேன். அன்பில்லாத வரவேற்பு என்பதுதான் சரியாம். பயிற்சி வகுப்பில் சார் என் விடையை எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். டியூ, மிஸ்ட், ஃப்ராஸ்ட், ஸ்னோ எல்லாவற்றுக்கும் தமிழில் பனி என்று ஒரே சொல்தானே இருக்கிறது? அப்புறம் எப்படிக் கற்பது? எந்த அகராதி நல்லது? ஒரு நாளைக்கு எத்தனை சொல் படிக்கலாம்? நுனிநாக்கில் ஆங்கிலம் பேசுகிறவர்களோடு எங்களால் போட்டி போட முடியுமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கண் குளிர, மனம் குளிர, வயிறு குளிர என்று நாம் சொல்வதைப் பற்றிச் சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உன் கடிதம் வந்தது.

நீ குறித்த விடை தப்பு. ஆனால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. வெயில் காயும் நாட்டில் வளர்ந்த மொழிக்குக் குளிர்ச்சிதான் வரம். அம்மை போட்டால் ‘குளிர்ந்து போ தாயே’ என்று மாரியம்மனிடம் வேண்டுகிறவர்கள் நாம். இங்கிலாந்தில் வீட்டுக்கு வந்தவரை அடுப்புப் பக்கம் உட்காரவைப்பதுதான் உபசாரம். அதனால் அங்கே அன்பு ‘வார்ம்’, பாராமுகம் ‘கோல்ட்’. கோபம் மட்டும் இரண்டு மொழியிலும் சூடு. இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். அந்த இரண்டு நிமிஷத்தையும் சிரித்தே தீர்த்துவிட்ட உன் சாரை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. படிக்க வந்த பிள்ளையை நாலு பேர் முன்னால் குறுகவைப்பவருக்கு எத்தனை ஆங்கிலம் தெரிந்து என்ன?

சரி, இப்போது உன் பங்கு. ‘தமிழில் ஒரே சொல்தானே’ என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? நீ ஊட்டிக்காரி. மழை ஓய்ந்து நவம்பர் வாக்கில் புல் நுனியெல்லாம் ஈரமாக நிற்குமே, அதை உங்கள் ஊரில் என்னவென்று சொல்கிறார்கள்? நீர்ப்பனி. அதுதான் டியூ. டிசம்பர், ஜனவரியில் புல் வெள்ளையாக விறைத்துக் கிடந்தால்? உறைபனி. அதுதான் ஃப்ராஸ்ட். பஸ்ஸே விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வருமே, அது மூட்டம். மிஸ்ட் என்றும் சொல்லலாம், ஃபாக் என்றும் சொல்லலாம். வானிலைக்காரர்கள் கணக்கில் ஒரு கிலோமீட்டருக்குள் பார்வை மறைந்தால் ஃபாக், அதற்கு மேல் தெரிந்தால் மிஸ்ட். நம் ஊரில் இல்லாதது ஸ்னோ ஒன்றுதான். வீட்டில் அம்மா வாயிலிருந்து தினமும் கேட்கிற சொற்களை விட்டுவிட்டு, யாரோ அவசரத்தில் அச்சடித்த கையேட்டை நம்பியிருக்கிறாய்.

உறைபனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நானும் உங்கள் மலையில் வளர்ந்தவள்தான். எங்கள் தேயிலைத் தோட்டம் இரண்டு துண்டாக இருந்தது, ஒன்று மேட்டில், ஒன்று ஓடையை ஒட்டிய பள்ளத்தில். மேகமில்லாமல், காற்றுமில்லாமல் நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிற ராத்திரியில் அம்மாவுக்குத் தூக்கம் வராது. மேகம் இருந்தால் நிலத்தின் சூடு மேலே போகாமல் கொஞ்சம் தங்கும். வானம் திறந்துகிடந்தால் எல்லாம் போய்விடும். குளிர்ந்த காற்று கனம் என்பதால் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டுத் துண்டு தப்பிக்கும், ஓடைத் துண்டு மாட்டிக்கொள்ளும். மறுநாள் பேப்பரில் ஊட்டியில் 2 டிகிரி என்று போடுவார்கள். 2 டிகிரியில் எப்படித் தண்ணீர் உறையும் என்று சின்ன வயதில் எனக்குப் புரியாது. வெப்பமானி இருப்பது தரைக்குச் சுமார் 4 அடி மேலே, பெட்டிக்குள். புல்லின் மேல் அதே நேரத்தில் பூஜ்யத்துக்கும் கீழே போயிருக்கும்.

விடிந்ததும் பார்த்தால் தேயிலை வெள்ளி பூசியது போல இருக்கும். சுற்றுலா வந்தவர்கள் படம் எடுப்பார்கள். வெயில் ஏறியதும் கொழுந்து துவண்டு, பழுப்பாகி, கருகிவிடும். இலைக்குள் இருந்த நீர் உறைந்து இலையைச் சிதைத்துவிட்டிருக்கும். ‘பனி கருக்கிடுச்சு’ என்பாள் அம்மா. அப்புறம் கவாத்து வெட்டிவிட்டு, புதுக் கொழுந்து வரும்வரை கடனில் ஓட்டவேண்டும். பூங்காக்களில் செடிகளை மூடிவைக்கிறார்களே, அதுவும் இதற்குப் பயந்துதான்.

இப்போது ‘ஃப்ராஸ்ட்டி ரிசப்ஷன்’ என்பதைத் திரும்பப் படி. ஒருவர் ஆசையோடு வீட்டுக்கு வருகிறார். வாசலில் நிற்கிறவர்கள் பார்த்த பார்வையிலேயே அந்த ஆசை கருகிப்போகிறது. சமவெளியில் வளர்ந்த பிள்ளைக்கு இதை மனப்பாடம்தான் செய்யவேண்டியிருக்கும், பாவம். நான் கீழே கல்லூரியில் படித்தபோது, ஃப்ராஸ்ட் என்றால் ஸ்னோ மாதிரி ஒன்று என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள், எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இங்கிலீஷ்காரரின் தோட்டத்தைக் கருக்கியதும் உன் அம்மாவின் தேயிலையைக் கருக்கியதும் ஒரே சங்கதி. இந்த ஒரு சொல்லில் நீ உன் சாரை விட முன்னால் நிற்கிறாய். அதைப் போய்க் கோட்டைவிட்டாயே என்றுதான் எனக்கு வருத்தம்.

எப்படிக் கற்பது என்று கேட்டாயே, சொல்லின் பயன்பாட்டையும் இப்படித்தான் பிடிக்கவேண்டும். சொல் எந்த வினையோடு வருகிறது என்று பார். ஸ்னோ ‘ஃபால்’ ஆகும். மிஸ்ட் ‘லிஃப்ட்’ ஆகும், ‘கிளியர்’ ஆகும். ஃப்ராஸ்ட் ‘ஃபார்ம்’ ஆகும், செடியை ‘டேமேஜ்’ செய்யும், ‘கில்’ கூடச் செய்யும். கடுமையான ஃப்ராஸ்ட்டை ‘ஹார்ட் ஃப்ராஸ்ட்’ என்பார்கள். ‘ஹார்ட் மிஸ்ட்’ என்று யாரும் சொல்வதில்லை. பனி பெய்கிறது, பனி படர்கிறது, பனி கருக்குகிறது என்று தமிழிலும் வினையை வைத்துத்தான் எந்தப் பனி என்று கண்டுகொள்கிறோம். நீ இதை யோசிக்காமலே சரியாகச் செய்கிறவள்.

அகராதிக்கு ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் போதும். ஹார்ன்பி என்ற ஆசிரியர் ஜப்பானில் பாடம் நடத்தியபோது, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மாணவர்களுக்காகத் தொகுக்கத் தொடங்கியது அது. 1942இல் டோக்கியோவில் வந்தது, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது. பொருளைப் படித்ததும் மூடிவிடாதே, கீழே இருக்கிற வாக்கியங்களைப் படி. ஒரு நாளைக்கு எத்தனை சொல் என்பதெல்லாம் உன் இஷ்டம். நுனிநாக்குக் கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

ஃப்ராஸ்ட் என்ற சொல்லை வைத்து, உங்கள் தோட்டத்தில் நடந்ததை ஐந்து வாக்கியம் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பு. திருத்தித் தருகிறேன். எந்தத் துண்டு கருகியது, எது தப்பியது என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுது.

அன்புடன்,
அக்கா